மெட்ராஸ் நின்றுபோன காலையில், திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு

போன வாரம் என் தங்கை மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினான். அவன் இருக்கும் ஊரில் என்றைக்கும் இல்லாத திருநாளாகப் பனி கொட்டி, தெருவில் நின்ற கார்கள் எல்லாம் வெள்ளை மேடாகக் கிடக்கின்றன. ரயில் இல்லை, பஸ் இல்லை, அத்தனை பெரிய நகரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "ஆபீஸ் வர வேணாம்னுட்டாங்க பெரியம்மா. சம்பளம் உண்டு. ஜாலி!"

பிள்ளை ஜாலியாக இருக்கட்டும். எனக்குத்தான் அதைப் படித்ததும் வயிறு எரிந்தது. அவன்மேல் இல்லை, ஒரு பழைய காலைப்பொழுதின் மேல். அதே நாள் பார்த்து என் போன பதிவுக்குக் கீழே ஒருவர், கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேரப்போவதாகவும், திருவள்ளூரிலிருந்து போய்வர நல்ல வழி எது என்றும் கேட்டிருந்தார். வழி சொல்கிறேன். ஆனால் நான் அந்த வழியில் செய்த ஒரு பயணத்தைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். கோயில் குளம் என்று நான் எழுதும் பதிவுகளைத் தேடி வருபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். இதில் பார்க்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. எனக்குக் கல்யாணம் ஆகி வந்த முதல் பொங்கல். என் அப்பாவுக்குத் திருவள்ளூர் மார்க்கெட்டில் மீன் வியாபாரம், வீடு மணவாள நகரில். தலைப் பொங்கலுக்கு மகளையும் மருமகனையும் அழைத்து, வெண்கலப் பானை, ஜரிகை வேட்டி, கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து என்று குறையில்லாமல் சீர் செய்தார். என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் புதிது புதிதாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. முள்ளுக்காட்டை வெட்டி, செம்மண் ரோடு போட்டு, தகரக் கூரை ஷெட்டுகள். அதில் இரும்புக் கம்பி போடும் ஒரு ரோலிங் மில்லில் அவர் டெம்பரவரியாகச் சேர்ந்திருந்தார். ஸ்டேஷன் பக்கத்தில் வரிசை வீட்டில் ஓர் அறை எடுத்துக் குடித்தனம் வைத்திருந்தோம்.

இந்த வேலைக்காக அவர் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன குடும்பம், இன்ன நாள், இன்ன இடம் என்று வரிசையாகச் சுற்றி வரும். மில் வேலை கிடைத்ததும் தன் பங்கு முறையைக் குப்பத்தார் முன்னிலையில் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அப்படி விட்டவன் திரும்பப் போய்க் கேட்பது அங்கே வழக்கமே இல்லை. ஆக, ஏரி போயாயிற்று. மில்லில் நிரந்தரம் ஆகவேண்டும், இல்லையென்றால் இரண்டும் கெட்டான். பொங்கல் லீவுக்கு முன்னால் ஃபோர்மேன் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு இருக்குது. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலைல எட்டு மணிக்கு டோக்கன் உழுந்திருக்கணும். லீவ ஒட்டி லீவு போட்டா பேர அடிச்சிடுவாங்கோ."

அந்த டோக்கனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் புரியாது. மில் கேட்டில் ஒரு பலகை. அதில் ஆளுக்கு ஒரு கொக்கி, கொக்கியில் நம்பர் போட்ட பித்தளை வில்லை. வருகிறவர் தன் வில்லையை எடுத்துப் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். எட்டு மணி சங்கு ஊதியதும் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். பெட்டிக்குள் இருப்பவன் வந்தவன், கொக்கியில் தொங்குகிறவன் வராதவன். ரயில் ஆட்கள் மாசத்தில் நாலு நாளாவது லேட்டாகத்தான் வருவார்கள். அதனால் ஊரிலேயே இருக்கும் கூட்டாளிகள் அவர்கள் வில்லையையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுவிடுவது அங்கே சகஜம். லேட்டாக வந்தவன் லாரி எடை போடும் பக்கமாக நைசாக உள்ளே நுழைந்துவிடுவான். வாட்ச்மேனுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். ஆனால் அந்தப் பொங்கலுக்கு முன்னால் புதிதாக ஒரு செக்யூரிட்டி ஆபீசரைப் போட்டு, இனிமேல் அடுத்தவன் டோக்கனைப் போடுகிறவனுக்கும், போடச் சொன்னவனுக்கும் சீட்டு கிழியும் என்று அறிவித்திருந்தார்கள். டைம்கீப்பர் பெட்டி பக்கத்திலேயே நிற்பாராம். அதனால் இனி அந்த வேலை நடக்காது என்று என் வீட்டுக்காரர் முழுசாக நம்பினார்.

காணும் பொங்கலுக்கு மறுநாள், விடியற்காலை நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். கதவைத் திறந்ததும் நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன். வாசலில் ஒரு சுவர் நின்ற மாதிரி இருந்தது. தையில் பனி உண்டுதான், ஆனால் இது வேறு. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. போகியில் எரித்த குப்பை வாசனை நாலு நாள் கழித்தும் அதில் ஊறிக்கிடந்தது. அப்பா லாந்தரைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் லாந்தரைச் சுற்றியே நின்றது.

"மாப்ள, ரயில நம்பாதீங்க. விடிஞ்சதும் ஊத்துக்கோட்டை பஸ்ஸப் புடிச்சி, பெரியபாளையம் போய் அப்படியே போய்டுங்க" என்றார் அப்பா.

"பஸ்ஸூன்னா டிரைவருக்குக் கண்ணு தெரியணும் மாமா. ரயிலு தண்டவாளத்துல தான போவுது, அது எங்க போய்டப் போவுது" என்றார் இவர்.

அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்டேஷனுக்குக் கால்மணி நேர நடை. அதற்கு அரைமணிக்கு மேல் ஆயிற்று. டிக்கெட் ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய் என்று ஞாபகம். நாலரை மணி வண்டி ஐந்தேகாலுக்கு வந்தது. மெட்ராஸுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர், சாதாரணமாக ஒன்றேகால் மணி நேரம். அங்கே இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தால் ஏழே முக்காலுக்கெல்லாம் கேட்டில் நிற்கலாம் என்பது கணக்கு. வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. நின்றால் நின்றதுதான். எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் பெட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் எதிரில் இருந்த பூக்காரம்மா மட்டும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "பால் பண்ணை வாசன வரல, இன்னும் ஆவடியே தாண்டல" என்றாள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஜன்னலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கரும்புக் கட்டு.

பேசின் பிரிட்ஜுக்கு வெளியே வண்டி அடியோடு நின்றுவிட்டது. மணி ஏழு. கார்டு லைட்டை ஆட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக வந்து, முன்னால் எட்டு வண்டி நிற்கிறது, வடக்கே போகும் வண்டி எதுவும் கிளம்பவில்லை, எப்போது கிளம்பும் என்று கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இறங்கிவிட்டோம். தண்டவாளக் கல்லில் கால் இடற, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மெட்ராஸை அப்படி நான் பார்த்ததே இல்லை. பார்த்தேன் என்று சொல்வதும் தப்பு, கேட்டேன். வியாசர்பாடி ரோட்டில் பஸ்கள் வரிசையாக விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. பக்கத்தில் போய் முட்டிக்கொண்ட பிறகுதான் பஸ் என்று தெரிந்தது. எங்கேயோ ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார், யாருக்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதியது. மில் சங்குகள் நேரத்துக்கு ஊதின, போகத்தான் ஆள் இல்லை. பட்டு வேட்டி கட்டின ஒரு கல்யாண மாப்பிள்ளை நடுரோட்டில் நின்று, "முகூர்த்தம் போச்சே, முகூர்த்தம் போச்சே" என்று புலம்பிக்கொண்டிருந்தான். மற்ற எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். டீக்கடை பெஞ்சில் ஆபீஸ் பையோடு உட்கார்ந்திருந்தவர்கள், "பஸ் இல்ல, ரயில் இல்ல, இன்னிக்கி எவன் கேக்கப்போறான்" என்று இரண்டாவது நாஷ்டாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கூட்டினார்.

நான் சொன்னேன், "ஏங்க, ஊரே நின்னுபோச்சி. மில்லுல மட்டும் தெரியாதா? திரும்பிப் போய்டலாம்."

"மெட்ராஸூ நின்னா மெட்ராஸ்காரனுக்கு லீவுமே. எனக்கு யாரு குடுப்பா? லேட்டா போனாலும் மூஞ்சியக் காட்டிட்டா அரை நாளாவது போடுவாங்கோ. லிஸ்ட்ல பேரு நிக்கும்."

எட்டு மணி வாக்கில் மூலக்கடை வந்தோம். மில்லில் சங்கு ஊதியிருக்கும். அங்கே ஜி.என்.டி. ரோட்டோரம் ஒரு காலி லாரி இஞ்சின் ஓடியபடி நின்றது. கொத்தவால்சாவடியில் சரக்கு இறக்கிவிட்டு ஆந்திராவில் கூடூருக்குத் திரும்பும் வண்டி. டிரைவர் பெயர் வெங்கையா, ஐம்பது வயசு இருக்கும். கிளீனர் பண்டிகைக்கு ஊருக்குப் போனவன் வரவே இல்லையாம்.

"கும்மிடிப்பூண்டியா? ஏத்தினு போறதுக்கு இன்னா நைனா, தாராளமா வா. ஆனா எனக்குக் கண்ணாடில ஒண்ணும் தெரியல. நீ முன்னால வெள்ளைத்துணி புடிச்சி நடந்தின்னா, நான் உன் முதுகப் பாத்துக்கினே வந்துடுவேன். டப்பு வாணாம்" என்றார் வெங்கையா.

எங்களிடம் இருந்த வெள்ளைத்துணி என்றால் அப்பா சீர் கொடுத்த ஜரிகை வேட்டிதான். மடிப்புக்கூடக் கலையவில்லை. இவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை விரித்துத் தோளில் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரும்பை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டு போனேன். வேட்டி மட்டும்தான் தெரிந்தது. ஆள் தெரியவில்லை. சில சமயம் வேட்டியும் மறையும், வெங்கையா பிரேக்கைப் போட்டு, "நைனா! உன்னாவா?" என்று கத்துவார். உள்ளேயிருந்து, "கீறேன், வா" என்று குரல் வரும்.

மூலக்கடையிலிருந்து செங்குன்றம் பத்து கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரம் முழுக்க மனிதர் நடந்தார். நடுவில் இரண்டு இடத்தில் ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்த வண்டிகளைக் கையால் தடவிப் பார்த்துச் சுற்றி வழிகாட்டினார். வெங்கையா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "எம்மா, உன் ஊட்டுக்காரன் மாதிரி ஒரு ஆளு என் சர்வீஸ்ல பாத்தது இல்ல. இவன் வேல செய்யிற எடத்துல இவன மேல தூக்கி வெப்பாங்கோ பாரு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இரண்டரை மணி நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பத்தரைக்குச் செங்குன்றம். ஏரித் தண்ணீர் தெரியவில்லை, ஆனால் ரோடு தெரிய ஆரம்பித்தது. இவர் ஏறி உட்கார்ந்தார். ஜரிகை வேட்டி டீசல் புகையில் கறுத்து, ஓரம் சேறாகியிருந்தது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். காரனோடைப் பாலத்தில் பனி கிழிந்து துண்டு துண்டாகத் தொங்கியது. கவரைப்பேட்டை தாண்டும்போது வெயிலே வந்துவிட்டது. பதினொன்றரைக்கு மில் கேட். எங்களைக் கேட்டுக்கு எதிரிலேயே இறக்கிவிட்டு வெங்கையா டீ குடிக்கப் போனார்.

லாரி எடை போடும் பக்கம் ஒரு நூறு அடி தள்ளி, எப்போதும்போலத் திறந்துதான் கிடந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஒளிந்து போக என்ன இருக்கிறது? நேராக டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனார். நான் இரண்டடி பின்னால் பானையும் பையுமாக நின்றேன்.

"சார், திருவள்ளூர்லேர்ந்து வரேன் சார். ரயில் எதுவும் ஓடல. பாதி வழி நடந்தே வந்தேன். அரை நாளாவது போட்டுக்குங்க சார். நம்பர் எம்பத்திரெண்டு."

டைம்கீப்பர் வயசானவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"எம்பத்திரெண்டு பொட்டியில கீதேப்பா" என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எங்கள் வரிசை வீட்டில் அடுத்த அறையில் முனிரத்தினம் இருந்தான். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையன், இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். முந்தின சாயங்காலமே பஸ்ஸில் ஊரிலிருந்து வந்துவிட்டான். காலையில் எங்கள் அறை பூட்டியிருப்பதையும், ஸ்டேஷனில் வண்டி வராததையும் பார்த்திருக்கிறான். லிஸ்ட் விஷயம் அவனுக்குத் தெரியும். கேட்டில் பனி அப்பிக்கிடந்ததில் பெட்டி பக்கத்தில் நின்ற டைம்கீப்பருக்குத் தன் கையே தெரியவில்லை. முனிரத்தினம் தன் வில்லையோடு இவர் வில்லையையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

டைம்கீப்பர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "ஏம்பா, நீ காலைலயே வந்துட்டு, இப்ப டீ குடிக்க வெளிய போயிருந்த. அப்படித்தான? யோசிச்சி சொல்லு."

டீக்கு வெளியே போனால் ஒரு திட்டோடு முடிந்துவிடும். ஜன்னலுக்குள்ளே, அவருக்குப் பின்னால், அந்தப் புது செக்யூரிட்டி ஆபீசர் இதைக் காதில் வாங்காமல் காகிதம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆமா சார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் பின்னாலிருந்து வெங்கையா வந்தார். நான் லாரியிலேயே மறந்துவிட்டு வந்த கரும்புக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காதில் விழுந்தது 'டீ', 'வெளிய போயிருந்த' என்கிற இரண்டு வார்த்தைதான். இவரை வேலைக்கு டிமிக்கி கொடுத்தவர் என்று குற்றம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏமி சார், டீயா?" என்று கரும்பைக் கீழே போட்டார். "இவன் மூலக்கடைலேர்ந்து செங்குன்றம் வரைக்கும் என் லாரிக்கு முன்னால நடந்துக்கினே வந்தான் சார். காலைல எட்டு மணிலேர்ந்து என்கூடத்தான் கீறான். மெட்ராஸே படுத்துக்கினு கெடக்குது, இவன் ஒருத்தன் வேலைக்குன்னு வந்துகிறான். வேணும்னா எழுதிக்குங்க, நான் கையெழுத்து போட்றேன். வண்டி நம்பரு வேணுமா?"

டைம்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். செக்யூரிட்டி ஆபீசர் காகிதத்தை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். "எட்டு மணிக்கு மூலக்கடையில இருந்தாரா? நல்லாத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியுமாவா? கூட்டினு வந்ததே நான்தான சார்!" என்றார் வெங்கையா. ஆபீசர் இவரிடம் டோக்கன் நம்பர் கேட்டு, பலகையில் அந்தக் கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வண்டி நம்பரை எழுதிக்கொண்டார்.

காரியம் முடிந்த திருப்தியோடு வெங்கையா இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பயப்படாத நைனா. சொல்லிட்டேன்." லாரி கூடூர்ப் பக்கம் போனது. ராத்திரி வீட்டில் சோறு தின்னும்போது, ஒரு நல்ல பையனுக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன் என்று மனைவியிடம் சொல்லியிருப்பார். இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. அந்த மனுஷனை எப்படித் திட்டுவது? திட்டவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன்.

இவரோடு ஒரே வரிசை வீட்டில் இருக்கும் கூட்டாளி யார் என்று விசாரித்து, உள்ளேயிருந்து முனிரத்தினத்தைக் கூட்டிவந்தார்கள். கையெல்லாம் கரி. இவரைக் கேட்டுக்கு வெளியே பார்த்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி.

"ஏன்டா வந்த?"

வேட்டி இன்னும் இவர் தோளில்தான் கிடந்தது.

"உனுக்குத்தான்டா போட்டேன். நீ ஊட்லயே படுத்துனு இருந்தா இன்னிக்கி நீ பிரசன்ட்டுடா" என்றான் முனிரத்தினம். ஆபீசர் எதிரிலேயே சொன்னான். அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

இன்னும் கேளுங்கள். அன்றைக்கு மில்லில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. மெட்ராஸில் குடியிருந்த மேனேஜரே வரவில்லை. மறுநாள் காலையில் கார் ஏறி வந்தவர், மூடுபனியில் ரயிலும் பஸ்ஸும் நின்றுவிட்டதால் வராதவர்களுக்கெல்லாம் அந்த நாள் சம்பளத்தோடு லீவு என்று நோட்டீஸ் போடச் சொன்னார். அதே காகிதத்தில் கொஞ்சம் கீழே, டோக்கன் மோசடிக்காக இரண்டு பேரை வேலையிலிருந்து நீக்கியிருப்பதாகவும் போட்டிருந்தது. லிஸ்ட்டில் இருந்த மற்றவர்கள் நிரந்தரமானார்கள். அதில் பாதிப் பேர் அன்று காலை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியவர்கள். நல்லவர்கள்தான், அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நான் போனதில்லை.

இவர் குப்பத்துக்குப் போய் அண்ணனிடம் கேட்டுப் பார்த்தார். அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாராம். "குட்த்தது குட்த்தாச்சி ஏழுமல. அந்த மொறைய வெச்சித்தான் எம்மாமியா ஊட்ல கடன் வாங்கி வல போட்டுக்கிறேன்" என்றாராம். பிறகு இவர் அடுத்தவன் படகில் கூலிக்குப் போனார், ரயில்வே யார்டில் மூட்டை தூக்கினார். நான் மீன் கூடை தூக்கினேன். அதில்தான் பிள்ளைகள் படித்தார்கள். முனிரத்தினம் ஊத்துக்கோட்டைப் பக்கமே போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்து ஒரு முறை வந்து, எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பண்ணது தப்பு இல்லடா, நான் வந்ததுதான் தப்பு" என்று அனுப்பிவைத்தார். நான் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இவர் மட்டும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, என்னையும் சொல்லவிட்டதில்லை.

சரி, கேட்டவருக்கு வழி. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மெட்ராஸைச் சுற்றிக்கொண்டு ரயிலில் போனால் தொண்ணூறு கிலோமீட்டர். ஊத்துக்கோட்டை போய், பெரியபாளையம், ஆரணி வழியாகப் புதுவாயலில் பெரிய ரோட்டைப் பிடித்தால் தூரம் குறைவு. ஊத்துக்கோட்டையில் பஸ் மாறவேண்டும், நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மார்கழி, தையில் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும்படி பாருங்கள். கேட்டுக்குப் போனதும் வாயைத் திறப்பதற்கு முன்னால், உங்களுக்கு நல்லது நினைக்கிறவர்கள் காலையிலிருந்து என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

இந்த வருஷமும் பொங்கலுக்குப் பிறகு ஒரு காலை பனி அடர்த்தியாக இருந்தது. அன்று மாதிரி இல்லை, எதிர் வீடு வரைக்கும் தெரிந்தது. இவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். எதிர் வீட்டுப் பெண் கும்மிடிப்பூண்டியில்தான் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பனில எங்கம்மா போற? ஊட்லயே இரு. யாராச்சும் கூட்டாளிகிட்ட சொல்லி வெச்சிருக்கியா?" என்றார்.

அவள் சிரித்தாள். "அதெல்லாம் இப்ப நடக்காது தாத்தா. மிஷின்ல கைரேக வெக்கணும். நானே போனாத்தான் உண்டு."

"வேற யாரும் உன்னுது வெக்க முடியாதா?"

"எப்படி முடியும்? என் விரலு என்கிட்டதான இருக்குது."

இவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "நல்ல மிஷினும்மா அது. போய்ட்டு வா" என்றார். இத்தனை வருஷத்தில் முனிரத்தினத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த குறை அது ஒன்றுதான்.